லிம்போ ஓர் ஊரின் பெயர் அன்று

மகனே, உன்னை அழைக்கிறேன். உன் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கப்போகும் சுங்கை லாலாங் இரப்பர்த் தோட்டத்துப் பெற்றோரையும், அங்கிருந்து புக்கிட் செலம்பாவுக்கும் லூனாசுக்கும் பெயர்ந்துபோன பிள்ளைகளையும் சேர்த்தே அழைக்கிறேன். தோட்டம் வீட்டுமனைகளாகிறது, அதிலிருந்து நம் கல்லறை நிலத்தை மட்டும் பிரித்துக் காக்க எல்லை வரையப்படுகிறது. அந்த எல்லைக்கு வெளியே எட்டுக் குழந்தைகள் கிடக்கின்றன. வரைபடத்தில் அவற்றின்மேல் மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அந்த வரைபடத்தை வரைந்த கை உன் கை. இதுவே என் முறையீடு. வீட்டுக்குள் பேசக்கூடியதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். வீட்டுக்குள் பேசியிருக்க வேண்டியதை நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பேசாதவள் நான். அந்த எட்டில் ஒன்று மட்டுமே என்னுடையது. மற்ற ஏழின் தாய்மாரும் என்னைப் போலவே வாய்மூடி இருந்துவிட்டார்கள். ஆகவே இந்த மடல் திறந்தே வருகிறது.

சென்ற ஞாயிறு நண்பகல் நீ என்னோடு தொலைபேசியில் பேசினாய். வேலை எப்படிப் போகிறது என்று வழக்கம்போலக் கேட்டேன். நீ வழக்கம்போல அலுத்துக்கொண்டாய். "எங்கம்மா. அந்தத் தோட்டத்து புராஜெக்ட் மூணு மாசமா லிம்போவுல கெடந்துச்சு. இப்பதான் மூவ் ஆவுது. கல்லறை சைடு செம்படான் கோடு மட்டும் பாக்கி." "அம்மா? ஹலோ? லைன் கட்டாயிருச்சா?" என்றாய். கட்டாகவில்லை. அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் எண்ணியதில்லை. அதுவும் அந்த நிலத்தைப் பற்றியே கேட்பேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. கேட்டேன்: "வேலிக்கு வெளிய என்னா இருக்குன்னு பாத்தியாடா?" நீ சிரித்தாய். "வேலிக்கு வெளிய லாலாங் புல்லுதாம்மா இருக்கு. பழைய பிளான்ல வேலிதான் செம்படான். செம்படான் செம்படான்தான் லா. நம்ம இஷ்டத்துக்குக் கல்லு நட முடியுமா?" சரிப்பா என்று வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யைத்தான் இப்போது திரும்பப் பெறுகிறேன்.

உனக்கு முன் ஒரு பெண் பிறந்து இறந்தாள் என்பதை நீ அறிவாய். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் உன் தாத்தாவின் சிலுவைக்கடியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவோம். ஒன்று அக்காவுக்கு என்பேன். அவளும் அங்கேயே இருக்கிறாள் என்று நீயாக எண்ணிக்கொண்டாய். நான் திருத்தவில்லை. அந்நாள்களில் உன் அப்பா மூன்றாவது மெழுகுவத்தி ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலிக் கம்பிகளுக்கிடையே குனிந்து வெளியே போவார். "எங்க போறீங்கப்பா?" என்று நீ கேட்டால் "ஒண்ணுக்கு" என்பார். நீ அதையும் நம்பினாய். அவள் வேலிக்கு வெளியே இருக்கிறாள், மகனே. ஏன் அங்கே இருக்கிறாள் என்பதையும், தனித்தமிழ் பேசும் ஒருத்தியின் மகனுக்கு ஏன் அந்தோணி என்று பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதை.

அப்போது எனக்கு இருபத்தாறு அகவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மேடைகளுக்கு என்னை அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். பேச்சில் பிறமொழிச் சொல் ஒன்று தவறி விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பா அதே தோட்டத்தில் பால்மரம் சீவினார்; என்னைக் கடைசிவரை 'டீச்சர்' என்றே அழைத்தார், பாதி கேலியும் பாதி பெருமையுமாக. மகள் பிறந்தாள். எழிலி என்று பெயர் தேர்ந்தேன். மழைமுகில் என்று பொருள். மாதத்துக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து குரு வந்து தோட்டத்துச் சிறுகோயிலில் பூசை வைப்பார். தலையில் நீரூற்றிப் பெயரிடும் திருமுழுக்கும் அன்றே நடக்கும். பெயர்களை எழுதிவைப்பவர் கோயில் பொறுப்பிலிருந்த உபதேசியார். பிள்ளைபெற்ற உடம்போடு நான் வீட்டில் இருக்க, உன் அப்பா குழந்தையை ஏந்திக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எழிலின்னு சொன்னா அவரு எழுத மாட்டேங்குறாரு டீச்சர்."

"ஏனாம்?"

"அந்தப் பேருல ஒரு அர்ச்சிஷ்டவரும் இல்லியாம், புனிதருங்க பேருதான் எழுதுவாராம். மேரி எழிலின்னு போட்டுக்கலாங்குறாரு. வீட்டுல எப்படி வேணா கூப்புட்டுக்குங்க, யாரு கேக்கப் போறாங்குறாரு."

"மேரி வேணாம், எழிலி போதும்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன். எனக்குச் சரியாச் சொல்ல வரல. நீ பேசுற மாதிரி எனக்கு எங்க வருது."

"அப்ப அடுத்த மாசம் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருந்தார். குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு, "மேரியும் நல்ல பேருதான்" என்று தொட்டிலிடம் சொன்னார். நான் கேட்காதவள்போல் இருந்தேன். அடுத்த மாதம் உபதேசியாரிடம் பேசவேண்டியதை அன்று மாலையே மனத்துக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். நல்ல பேச்சு அது. இன்றும் அதில் பாதியை என்னால் ஒப்பிக்க முடியும். பேசத்தான் நேரவில்லை.

பிறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் குழந்தையின் உடம்பு கொதித்தது. தோட்டத்து எழுத்தரின் வண்டியில் ஏறினோம். செம்மண் சாலையில் வண்டி குலுங்கக் குலுங்க அவள் பாலை மறுத்தாள். பிறகு அழுகையையும் மறுத்தாள். உன் அப்பா தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், ஊத்திரட்டுமா? அவசரத்துக்கு ஞானத்தண்ணிய யாரு வேணாலும் ஊத்தலாமாம். எழிலின்னே சொல்லி ஊத்துறேன்." அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "மூடுங்க. செத்துப்போற புள்ளைக்குத்தான் அப்படி ஊத்துவாங்க." மூடினார். மூடியைக் கடைசிப் புரிவரை திருகி மூடினார். பட்டணத்தை எட்டுமுன் அவள் போய்விட்டாள்.

என் தவறு எது என்பதை நான் இத்தனை ஆண்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெயரை விட்டுக்கொடுக்க மறுத்ததை முழுத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். எழிலி நல்ல பெயர், அதை எழுத மறுத்தவரிடமும் பிழை இருந்தது. ஆனால் நான் விரும்பிய பெயரையே சொல்லி நீரூற்ற வந்த கையை நான் பிடித்தேனே, அதற்கு மொழிப்பற்று என்று பெயர்சூட்டி அதன் பின்னால் ஒளிய முடியாது. அது அச்சம். ஊற்றினால் சாவை ஒப்புக்கொண்டதாகும் என்ற அச்சம். துணிவுடையவள் என்று ஊர் நம்பிய ஒருத்திக்கு அந்த வண்டிக்குள் ஒரு கை நீருக்கு வேண்டிய துணிவு இல்லாமல் போயிற்று. உனக்கும் அப்படி ஒரு வேளை வரும். அஞ்சுகிறவனை நம் வீட்டில் யாரும் இகழமாட்டோம். ஆனால் அஞ்சும்போது, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து நிறுத்தாதே.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. பிள்ளைபெற்றவளை யாரும் விடவில்லை. நடந்ததை உன் அப்பா சொன்னார். கல்லறை வாயிலில் உபதேசியார் தடுத்திருக்கிறார். "உள்ள முடியாது தம்பி. இது மந்திரிச்ச மண்ணு. தண்ணி ஊத்தாத புள்ள லிம்போவுக்குப் போற ஆத்துமா. அங்க வேதனையும் இல்ல, மோட்சமும் இல்ல. வெளியதான் வைக்கணும். முன்னாடியும் அப்படித்தான் வச்சிருக்கோம்." அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதே. சொல்லிவிட்டு மண்வெட்டியை அவரே வாங்கி வேலிக்கு வெளியே குழிவெட்டியிருக்கிறார், வெட்டும்போது அழுதிருக்கிறார். தமக்குக் கற்பிக்கப்பட்டதை அப்படியே நம்பிய மனிதர். சொல்லை நம்பியவர் அவர், சொல்லுக்காக நின்றவள் நான். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு குழந்தை வெளியே போயிற்று.

மூன்று ஆண்டு கழித்து நீ பிறந்தாய். மூன்றாம் நாளே உன்னைப் பட்டணத்துக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். என்ன பெயர் என்று உன் அப்பா கேட்டார். "அவுங்க என்னா வைக்கிறாங்களோ அதையே வச்சிட்டு வாங்க" என்றேன். அன்று புனித அந்தோணியார் திருநாள். அவ்வளவுதான் உன் பெயரின் கதை. மேடைத் தோழர்கள் சும்மா விடுவார்களா? "ஊருக்குத் தனித்தமிழ், வீட்டுக்கு அந்தோணியா டீச்சர்?" என்று ஒருவர் கூட்டத்தில் வைத்தே கேட்டார். "முன்னிரண்டு எழுத்தை எடுத்துப் பாருங்க ஐயா, தோணி. நல்ல தமிழ்தான்" என்றேன். சிரித்தார்கள். அன்றுமுதல் வீட்டில் நீ தோணியானாய். பள்ளியில் பிள்ளைகள் கேலிசெய்து நீ அழுதுகொண்டு வந்து கேட்டபோது, "உங்கப்பா ஆசப்பட்டு வச்ச பேரு" என்று பொய் சொன்னேன். அவர் அருகில்தான் சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். "ஆமாடா, நான்தான்" என்றார். நீ பல நாள் அவரோடு பேசவில்லை. அந்தச் சினத்தை இப்போது முகவரி மாற்றி எனக்கு அனுப்பிவிடு. அவர் போய் நான்கு ஆண்டாகிறது, இனியும் அவர் சுமக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் சொல்லத்தான் கூசுகிறது. உனக்கு ஏழு அகவை இருக்கும். லூனாசில் ஒரு மண்டபத்தில் பிற்பகல் கூட்டம். உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்பது தலைப்பு. நூல்களைப் புரட்டி ஒலியொத்த சொற்களைத் திரட்டிக்கொண்டு போயிருந்தேன். "இலத்தீனத்தில் 'லிம்புசு' என்கிறானே, ஓரம் என்று பொருள் சொல்கிறானே, அது எங்கிருந்து போயிற்று? எங்கள் விளிம்பிலிருந்து போயிற்று. கப்பலில் போகும்போது முன்னெழுத்துக் கடலில் விழுந்துவிட்டது" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் வறுகடலை கொறித்துக்கொண்டிருந்த உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். திரும்பும்போது மோட்டார்சைக்கிளில் நீ நடுவில் தூங்கினாய்.

"ஏன் எழுந்து போனீங்க?"

"புள்ளைக்கு வேர்த்துச்சு."

"பேச்சு எப்படி இருந்துச்சு?"

வெகுதொலைவு போனபின் சொன்னார்: "அந்த வார்த்தைய உபதேசியார் வாயில ஒரு தடவ கேட்டேன். இன்னிக்கு ஒன் வாயில கேட்டேன். அவரு சொன்னப்ப யாரும் கை தட்டல டீச்சர்."

ஒலி ஒத்திருப்பது உறவாகாது என்பது எனக்கு அன்றே தெரியும். விளிம்பு நம் சொல். லிம்புசு அவர்கள் சொல். இரண்டும் தாய்பிள்ளை என்று காட்ட என்னிடம் சான்று ஒன்றும் இல்லை. கைதட்டல் கிடைக்கும் என்று மட்டும் தெரியும். தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு, என் மகளை வெளியே நிறுத்திய சொல்லை எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டேன். அதற்குப்பின் எந்த மேடையிலும் அதை நான் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததையே கழுவாய் என்று எண்ணிக்கொண்டது அடுத்த தவறு.

இரண்டு ஆண்டுக்கு முன் எனக்குக் கண்புரை அறுத்தார்களே, நினைவிருக்கிறதா? நீ வெளியே காத்திருந்தாய். உள்ளே நான் படுத்திருக்க, இளைய மருத்துவர், நம்மூர்ப் பெண், குனிந்து சொன்னாள்: "கண்ண அசைக்காதீங்க அம்மா. லிம்பஸ் ஓரமா சின்னதா ஒரு வெட்டு, அவ்ளோதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அசையாதீங்கன்னா அசையுறீங்களே" என்று கடிந்துகொண்டாள். மறுநாள் கட்டைப் பிரிக்க வந்தபோது அது என்ன சொல் என்று கேட்டேன். கருவிழி முடிந்து வெள்விழி தொடங்கும் வட்டத்துக்கு அப்பெயராம். "அது வெறும் பார்டர் இல்லம்மா. கருவிழி மேல தோலு தேஞ்சிக்கிட்டே இருக்கும். புதுசு அந்த ஓரத்துலேர்ந்துதான் வளந்து நடுவுக்கு வரும். ஓரம் போச்சுன்னா கண்ணே மங்கிரும்." அவளுக்கு அது பாடம். எனக்கு அன்று முழுதும் சோறு தேவைப்படவில்லை.

பிறகு கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளங்குருவிடம் இலத்தீன அகரமுதலியை இரவல் வாங்கி, ஒரு கண்ணைக் கொண்டு படித்தேன். முதற்பொருள் ஆடையின் கரை. துணியின் ஓரத்தில், நூல் பிரிந்துபோகாமல் இருக்கத் தைத்துச் சேர்க்கும் பட்டை. அதன்பின் எதற்கும் ஓரம், சுற்றுவரம்பு. வானநூலார் கதிரவனின் வட்டத்து ஓரத்தை அச்சொல்லின் வழிவந்த பெயராலேயே குறிக்கிறார்கள். பூநூலார் இதழின் விரிந்த பகுதியை அப்படி அழைக்கிறார்கள். உன் அலுவலகக் கண்ணாடிப் பேழையில் பழைய பித்தளைக் கோணமானி ஒன்று இருக்கிறதே, அதில் பாகைகள் கீறிய வட்டத் தகட்டின் ஓரத்துக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் கைகால்களைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் இதைப் போலவே இருக்கும். ஆனால் அதன் பிறப்பு வேறு என்று அகரமுதலி எச்சரிக்கிறது. லூனாசு மேடையில் நின்றவளுக்கே அதை எழுதிவைத்தது போலிருந்தது.

இனி நான் சொல்லப்போவதை நன்றாகக் கேள். லிம்புசு என்பது பெயர்ச்சொல். லிம்போ என்பது அதன் வேற்றுமை வடிவம். நம் ஏழாம் வேற்றுமை போல; விளிம்பில், விளிம்பின்கண். இலத்தீனத்தில் 'விளிம்பில் இருக்கிறார்கள்' என்று முன்னோர் எழுதினார்கள். பின்வந்தோர் அந்த உருபேற்ற சொல்லை அப்படியே பிடுங்கி ஓரிடத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். அங்கே போகிறார்கள், அங்கே கிடக்கிறார்கள் என்றார்கள். லிம்போ ஓர் ஊரின் பெயர் அன்று, மகனே. வேற்றுமை உருபை ஊராக்கி அதில் பிள்ளைகளைக் குடியேற்றியிருக்கிறோம். விளிம்பில் என்றால் எதன் விளிம்பில் என்று கேட்கவேண்டாமா? ஆடையின் விளிம்பு ஆடையே. கண்ணின் விளிம்பு கண்ணே. கரையை வெட்டி எறிந்துவிட்டு இது புடவை என்று யார் உடுத்துவார்? இளங்குருவிடம் இதைச் சொன்னேன். "அது எப்பவும் திருச்சபையோட கட்டாயக் கோட்பாடா இருந்ததில்லம்மா. இந்தப் புள்ளைங்கள ஆண்டவர் இரக்கத்துக்கு ஒப்படைக்கிறோம்னுதான் இப்ப செபிக்கிறோம்" என்றார். "அப்ப வேலி, சாமி?" என்று கேட்டேன். வேலி தோட்டத்து நிருவாகம் போட்டது, தமக்கு அதன்மேல் உரிமை இல்லை என்றார். உபதேசியாருக்கு மண் மந்திரித்தது. நிருவாகத்துக்கு வேலி மரத்தூணும் கம்பியும். உனக்கு அது பழைய வரைபடத்தில் ஒரு கோடு. ஒருவர் கோட்டை மற்றவர் நம்பி, எவரும் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்கவில்லை.

தொலைபேசியை வைத்த மறுநாள் புக்கிட் செலம்பாவுக்குப் போனேன். செபஸ்தியம்மாள் என்று ஒருத்தி, என்னோடு தோட்டத்தில் இருந்தவள், என்னைவிட மூத்தவள். அவளுடைய இரட்டை ஆண்பிள்ளைகள் எழிலிக்கும் முன்னரே அங்கே போனவர்கள். இந்த எல்லைக்கு மறுப்புத் தெரிவிக்கும் படிவம் அவளுக்கும் யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மேசைமேல் வெறுமையாகக் கிடந்தது.

"ஏன் அக்கா நிரப்பல?"

"இதுல 'நாமா'ன்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர். பேரு கேக்குறானுங்க. மூச்சு விடாம பொறந்ததுங்களுக்கு என்னா பேரு? நான் பெரியது, சின்னதுன்னுதான் மனசுல சொல்லிக்கிறது."

"அதையே எழுதலாம்."

"சிரிப்பானுங்க லா." படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "டீச்சர் எழுதுனா சிரிக்க மாட்டானுங்க. எழுதுங்க."

எழுதினேன். பெரியது, சின்னது. என் கையெழுத்தில் நான் எழுதிய பெயர்களிலேயே நேர்த்தியானவை அவை. எழுதி முடித்ததும், "தோணிதான் பிளான் போடறானாமே? ஒங்க புள்ளதானே? அப்ப பயமில்ல" என்றாள். நீ என்னிடம் சொன்ன மறுமொழியை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் உன்னை நம்புகிறாள். எனக்காக இல்லாவிட்டாலும் அவள் பொருட்டு இதைப் படி.

உன் தொழிலை நான் குறைவாக எண்ணவில்லை. எல்லை வரைபவன் இல்லாவிட்டால் எளியவன் நிலம் வலியவனிடம் போய்விடும். அதை நாம் பட்டறிந்தவர்கள். ஆனால் உன் முதலாளி ஐந்து வேலைகளை ஒரே வாரத்தில் முடிக்கச் சொல்கிறார், நீ பழைய வரைபடத்தை வாங்கிப் புதிய தாளில் படியெடுக்கிறாய். படியெடுப்பது அளப்பதாகுமா? நானும் பிறர் எழுதியதைப் படியெடுத்து மேடையேறிக் கைதட்டல் வாங்கியவள்தான். அந்தக் குறையை உன்னில் காணும்போது என் முகத்தையே பார்ப்பதுபோல் இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் உன் வீட்டிலும் குழந்தை வரப்போகிறது. உன் மனைவி எனக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பியிருந்தாள். "நீங்களே பாத்து வைங்கம்மா" என்று விட்டுவிட்டேன். நீ வருந்தியிருப்பாய்; இப்போது ஏன் என்று தெரியும். தமிழ்ப்பெயர் வைத்தால் எனக்கு மகிழ்ச்சி. வேறு பெயர் வைத்தாலும் பேரப்பிள்ளை என்னுடையதுதான். இருவருக்கும் பதைப்பிலும் வாயில் வரும் பெயராக இருக்கட்டும். அது போதும்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வரைபடத்தை ஒப்படைக்கிறாய் என்றும் அதற்கடுத்த நாள் கல் நடுகிறார்கள் என்றும் நீயே சொன்னாய். ஒப்படைக்காதே. அதற்கு முன் சனிக்கிழமை காலை உன் கருவியோடு கல்லறை நிலத்துக்கு வா. உன் அப்பா நில அளவை படிக்காதவர். ஆனால் இறப்பதற்குச் சில நாள் முன்பு எனக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்: வாயிலிலிருந்து ஒன்பதாவது தூண், அங்கிருந்து கிழக்கே அவர் காலால் நான்கு எட்டு. செபஸ்தியம்மாளுக்குத் தன் பிள்ளைகளின் இடம் தெரியும். மற்ற குடும்பங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு மேட்டருகிலும் அதற்குரியவர் நிற்போம். இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளை அங்கிருந்தால் மூத்த மகனோ மகளோ கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். பெயர் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீ எங்களை ஒவ்வொருவராகக் கருவிக்குள் பார். ஒவ்வொரு இடத்தையும் அள. வரைபடத்தில் எட்டுப் புள்ளிகள் வை. கால்வாயை இன்னும் கிழக்கேயோ தெற்கேயோ திருப்பலாமா என்பதைப் பொறியாளரோடு நீ பேசு. உனக்கு அந்த மொழி தெரியும். முதலாளி சினந்தால், அதிலொன்று என் அக்காள் என்று சொல். அதற்கும் அவர் இணங்கவில்லையென்றால் அந்த வரைபடத்தில் உன் கையொப்பம் இருக்கக் கூடாது. வேலைக்கு என்ன ஆகும் என்று அஞ்சுவாய். தலைப்பிள்ளை வரும் வேளையில் அஞ்சாமல் இருக்க முடியாது. அஞ்சிக்கொண்டே வா.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஒன்பதாவது தூணிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி நான் நின்றுகொண்டிருப்பேன். கோட்டை எனக்கு அப்பால் போடு.